ஆறடிக்கு மூன்றடி

கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கும் என் தம்பி, 2025 தைப்பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொலைபேசியில் பேசினான். "அண்ணே, இந்தத் தடவ வீட்டுக்கு ஒரு கட்டில் எடுத்துருவோம். எடத்த அடைக்காத மாதிரி ஒண்ணு பாத்துச் சொல்லுங்க." மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தான். எனக்கு அது அரைநாள் வேலையாகத்தான் தெரிந்தது. அறையை அளக்க வேண்டும், ஹட்டன் டவுனில் இரண்டு கடை ஏறி இறங்க வேண்டும், விலை பேச வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு டிக்கோயாப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்துக்குப் போனேன். பிறந்து வளர்ந்த காம்பராவை அன்றைக்குத்தான் முதல்தடவையாக அளந்தேன். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து அடி. முன்னால் இஸ்தோப்பு, அதில் ஒரு பக்கத்தை அடைத்துக் குசினி. நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா சிரித்தாள். "அளந்தா பெருசாவுமாப்பா?"

ஆகவில்லை. 120 சதுர அடி. அதில் ஓர் அலுமாரி, தொலைக்காட்சி மேசை, உயர்தரம் படிக்கும் தங்கையின் மேசையும் நாற்காலியும், அப்பாயி காலத்து ட்ரங்குப் பெட்டி, கொழுந்துக் கூடையும் படங்கும் தொங்கும் மூலை, சுவரில் சாமித் தட்டு. ஹட்டன் கடைக்காரர் காட்டிய "ஆறுக்கு அஞ்சு" கட்டிலை வாங்கினால் 30 சதுர அடி போய்விடும். அறையில் கால்பங்கு. அலுமாரிக் கதவு பாதிதான் திறக்கும். தங்கை நாற்காலியைப் பின்னே தள்ளி எழ முடியாது.

கடைக்காரர் திரும்பத் திரும்ப "உங்கட பெட்ரூம் என்ன சைஸ்?" என்று கேட்டார். வாயைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுப் பேச்சில் படுக்கையறை என்று ஒரு சொல்லே கிடையாது. காம்பரா உண்டு, இஸ்தோப்பு உண்டு, குசினி உண்டு. படுப்பதற்கென்று தனியாக ஓர் அறை இருந்ததில்லை, அதனால் அதற்கு ஒரு பேரும் தேவைப்படவில்லை. மற்றவர்கள் வீடுகளில் அறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் அவை ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கணக்கில் வந்துபோகும். விடிகாலையில் அது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும் இடம், பகலில் விருந்தாளி உட்காரும் கூடம், பொழுது சாய்ந்தால் பள்ளிக்கூடம், எட்டரை மணிக்கு மேல் எல்லோருக்கும் படுக்கை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க, தரை காலியாக வேண்டும். அந்தத் தரையைக் காலி செய்து கொடுத்தது பாய்.

இந்தப் பத்துக்குப் பன்னிரண்டை முதலில் அளந்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. எதற்காக அளந்தான் என்பது தெரியும். 1820களில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்தபோது, பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவார்கள். சில மாதம் ஒதுங்க ஒரு கொட்டகை போதும் என்பது தோட்டக்காரர் கணக்கு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை மலையெங்கும் பரவியது. தேயிலைக்கு வருஷம் முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆள் குடும்பமானது, குடும்பம் தலைமுறையானது. கொட்டகை மட்டும் கொட்டகையின் அளவிலேயே நின்றுவிட்டது. சில லயங்களில் இரண்டு வரிசைக் காம்பராக்கள் ஒரே முதுகுச் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும். அந்த வீடுகளுக்குப் பின்பக்கம் என்பதே இல்லை, அங்கே ஒரு ஜன்னலும் வைக்க முடியாது. தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து வர வேண்டிய தொலைவில் ஆட்களை வைத்திருப்பதற்காகக் கட்டிய இடம் அது. அவர்கள் எப்படி எழுவார்கள் என்று யோசித்துக் கட்டினார்கள். எப்படித் தூங்குவார்கள் என்ற யோசனை அந்தச் சுவர்களில் எங்கேயும் இல்லை.

"இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்" என்று ஒரு பழமொழி உண்டு. பேராசைக்காரனைப் பழிக்கச் சொல்வது. லயத்தில் பிறந்தவனுக்கு அது வேறு மாதிரி கேட்கும். இடம் கொடுத்தவன் வாயிலிருந்து வந்த பழமொழி அது. இருக்க இடம் பெற்ற மனிதன் படுக்கப் பாய் கேட்பதில் என்ன பேராசை இருக்கிறது? ராத்திரி என்று ஒன்று வரத்தானே போகிறது.

ஜப்பானில் அறையைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். தத்தாமி என்ற அவர்களுடைய பாய் ஏறக்குறைய ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஒரு மனிதன் கால் நீட்டிப் படுக்கும் அளவு. ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்பார்கள். இரவில் ஃபுதோன் என்ற மெத்தையை அதன்மேல் விரித்து, காலையில் மடித்துச் சுவரலமாரியில் வைத்துவிடுவார்கள். எங்கள் காம்பராவை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஆறே முக்கால் பாய் கூட வராது. பொங்கலுக்கு நாங்கள் ஐந்து பேர். தலைக்கு ஒரு பாய் போக ஒன்றரைப் பாய் மிச்சம். அதில்தான் அலுமாரியும் மேசையும் பெட்டியும் சாமியும். ஆனாலும் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. படுக்கும் உடம்பிலிருந்து தொடங்கி அறைக்கு வருகிற கணக்கு அது. எங்களுக்கு அறையை முதலில் கொடுத்துவிட்டு உடம்பைப் பிறகு அதற்குள் அடங்கச் சொன்னார்கள்.

அடங்குவதற்குப் பாய் உதவியது, உண்மைதான். உலகத்தில் அதைவிட இடம் மிச்சப்படுத்தும் படுக்கை கிடையாது. சுருட்டினால் மூலையில் ஒரு சாண். விருந்தாளி வந்தால் ஆசனம், பிள்ளை பிறந்தால் தொட்டிலடி, சாவு விழுந்தால் ஊரே உட்காரும் தரை. ஆனால் பாயைப் பற்றிக் கவிதையாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெயில் ஊர்க்காரர்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் சிமெந்துத் தரை இரவெல்லாம் உடம்பின் சூட்டை உறிஞ்சும். பாய்க்குக் கீழே சாக்கு, சாக்குக்குக் கீழே பழைய உரப்பை, மேலே கம்பளி. அந்தக் காலத்தில் கம்பளியைத் தோட்டமே கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டதாக அப்பாயி சொல்வாள். குளிருக்கும் நாங்கள்தான் காசு கட்டினோம் என்பாள்.

பாய்க்கு இன்னொரு குணமும் உண்டு. அது எப்போதும் புறப்படத் தயாராக இருக்கும். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று இரண்டு தலைநகரங்கள் எங்களைப் பங்குபோட்டன. அப்பாயியின் கூடப்பிறந்தவர்கள் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் கூடலூர்ப் பக்கம் இன்னொரு தேயிலைத் தோட்டம் என்று போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ஒரு சுருட்டிய பாய் இருந்ததாம். கட்டில் வைத்திருந்தவர்கள் யாருமில்லை என்பதால், அதை விட்டுவிட்டுப் போகிறோமே என்று யாரும் வருந்தவில்லை. இதையெல்லாம் நினைத்தபோது, தம்பியின் ஆசை எனக்கு வேறாகத் தெரிந்தது. கட்டில் வாங்குகிற மனிதன், இந்த ராத்திரி மட்டுமில்லை, நாளைக்கும் இங்கேதான் படுப்பேன் என்று சொல்கிறான்.

சரி, எந்தக் கட்டில்?

இரட்டைத் தட்டு இரும்புக் கட்டிலை முதலில் பார்த்தேன். 18 சதுர அடியில் இரண்டு பேர் படுக்கலாம். கணக்குக்கு அதுதான் வெல்லும். ஆனால் மேல்தட்டில் படுப்பவர் நிமிர்ந்து உட்கார, மெத்தைக்கு மேலே மூன்றடியாவது வேண்டும். எங்கள் தகரக் கூரை ஓரத்துக்குச் சரிந்து வருகிறது. பகலில் தகரம் கொதிக்கும். இரவில் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு, முத்து முத்தாகக் கோத்து, சொட்டும். மேல்தட்டுக்காரர் அந்த மழையில்தான் தூங்க வேண்டும்.

அடுத்தது அடியில் பெட்டி வைத்த கட்டில். துணிமணி எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிடலாம், ட்ரங்குப் பெட்டியைக்கூடத் தூக்கிவிடலாம். இலங்கையில் மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான வட்டவளை எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இந்த ஈரத்தில் ஒரு மழைக்காலத்திலேயே ஊதிவிடும். காற்றுப் போகாத பெட்டிக்குள் வைத்த துணியில் பூஞ்சணம் பிடிக்கும். மலைநாட்டில் கட்டிலுக்கு அடியில் காற்றும் விளக்குமாறும் போய்வர வேண்டும்.

பகலில் சோபா, இரவில் கட்டிலாக விரிவது ஒன்று இருந்தது. தங்கைக்கு அதன்மேல் கண். கடைப் பையன் இழுத்துக் காட்டினான். அவனுக்கே மூச்சு வாங்கியது. தினமும் ராத்திரி இதை இழுத்து விரிப்பது யார், காலையில் மடிப்பது யார் என்று யோசித்தேன். விடை தெரிந்ததும் அடுத்ததைப் பார்க்க நகர்ந்துவிட்டேன்.

சுவரோடு மடிந்து நிமிர்ந்துவிடும் கட்டிலைத் தம்பிதான் தொலைபேசியில் படமாக அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஓரறை வீட்டில் இருந்த வில்லியம் மர்ஃபி என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார். அவர் விரும்பிய பாடகியைக் கட்டில் கிடக்கும் அறைக்கு அழைப்பது அந்தக் காலத்து மரியாதைக்குப் பொருந்தாது. அதனால் கட்டிலை மறைக்க வழி தேடினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கட்டில் அருமையானது. ஆனால் அது நிற்க உறுதியான சுவர் வேண்டும். கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டி மேலே பூசிய எங்கள் சுவர் அந்த ஆணியைத் தாங்காது. தாங்கினாலும் அது எங்கள் சுவரா? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் சுவர் கைமாறியது, அதற்குள் படுத்திருந்தவர்களிடம் மட்டும் வந்து சேரவில்லை. அப்பா ஒருமுறை இஸ்தோப்புக்கு முன்னால் நாலடி தகரம் கூடுதலாக இறக்கினார். அனுமதி வாங்கவில்லை என்று பிரித்துப் போடச் சொல்லிவிட்டார்கள். மர்ஃபியின் கட்டில் பணக்காரர் சாமான் இல்லைதான். அதை மாட்டுவதற்குத் தன் சுவர் என்று ஒன்று வேண்டும்.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் ஒரு வாரம் போனது. பிறகு, கட்டிலைக் கேட்பதற்கு முன் ஆட்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்பா, "வாரவுங்க போறவுங்க உக்காரணும்ல" என்றார். தங்கை, தனியாக ஒரு விளக்குப் போட்டுப் படிக்கும் மூலை கேட்டாள். வயதுக்கு வந்த பிள்ளை உடுப்பு மாற்றுவதற்கு எல்லோரும் வெளியே போக வேண்டியிருக்கிற வீட்டில், அவள் கேட்டது கட்டிலைவிடப் பெரியது. தெளிவத்தை ஜோசப் தன்னுடைய 'மீன்கள்' கதையில், லயத்து அறையின் நெருக்கம் ஒரு குடும்பத்தின் இரவை என்ன பாடுபடுத்தும் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த எங்கள் ஆட்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எதுக்கு கட்டிலு? நாலு மணிக்கு எந்திரிக்கிறவ. ஒரு சாக்கு கெடந்தா போதும்" என்றாள்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். எல்லோரும் படுத்த பிறகு, குசினியில் பாத்திரச் சத்தம் அடங்கி, அம்மா விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். யார் காலையும் மிதிக்காமல் இருட்டில் நடக்க அவளுக்குத் தெரியும். அலுமாரிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாக்கை விரித்தாள். ராத்திரியில் யாராவது எழுந்து வெளியே போனால் கதவு இடிக்கக் கூடாதே என்று முழங்காலை மடக்கி, ஒருக்களித்துச் சுருண்டு படுத்தாள். விடியும் முன்பே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் சொடக்கு விழும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் கண் திறந்தபோது சாக்கு இருந்த இடமே தெரியவில்லை.

அவள் மலைக்குப் போன பிறகு, ஏனென்று தெரியாமல் நாடாவை எடுத்து அந்த இடத்தை அளந்தேன். அகலம் ஒன்றரை அடி. நீளம் நாலரை அடி.

என் அம்மா ஐந்தடிக்கு மேல் உயரம்.

நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இடத்தை மிச்சப்படுத்தும் கட்டில் ஒன்றைத் தேடி ஒரு வாரமாகக் கடை கடையாக அலைந்திருக்கிறேன். அது எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. இரவில் எல்லோருக்கும் கடைசியாக விரிந்து, விடியுமுன் எல்லோருக்கும் முதலாக மடிந்து, பகலில் தடம் தெரியாமல் மறைந்துவிடும் படுக்கை. ஆணி வேண்டாம், சுவர் வேண்டாம், விலை வேண்டாம். அந்த 120 சதுர அடி இத்தனை வருஷம் எங்கள் எல்லோருக்கும் போதுமாக இருந்ததற்குக் காரணம், ஒருத்தி தனக்கு ஆறே முக்கால் சதுர அடி போதும் என்று வைத்துக்கொண்டதுதான்.

இடம் எங்கேயும் தானாக மிச்சமாவதில்லை. சின்ன அறையில் இடம் மிச்சமாகிறது என்றால், அங்கே ஏதோ ஓர் உடம்பு சுருங்கிக்கொண்டிருக்கிறது. நெருக்கடி என்பது தண்ணீர் மாதிரி. வீட்டில் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போய்த் தேங்கும். அந்த இடத்தில் பெரும்பாலும் "எனக்கு எதுக்கு" என்று சொல்கிற ஒருவர் இருப்பார். கொழும்பில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறையிலும், சென்னையின் ஒற்றைப் படுக்கையறை வீட்டிலும், இலண்டனில் ஆறு பேருக்கு வாடகைக்கு விட்ட மாடியிலும் அவர் இருப்பார். தோட்டமும் அப்படி ஒரு பெரிய காம்பராதான். இரண்டு நூற்றாண்டாக அங்கே எவ்வளவோ மிச்சம் பிடித்தார்கள். மடங்கிப் படுத்தவர்கள் நாங்கள்.

இடம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே தொடங்கிய வீடுகளோடு இன்னும் பத்தாயிரம் வீடு கட்டித் தருவதாக அறிவித்தார். அந்தக் காலத்து வீடுகள் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி, இரண்டு அறை. என் சித்திக்கு அப்படி ஒன்று கிடைத்தது. ஓர் அறை மகனுக்கும் மருமகளுக்கும், இன்னொன்று பிள்ளைகளுக்கு. போனவாரம் போனபோது சித்தியின் பாய் குசினி வாசலில் சுருட்டி நின்றது. அவளை அங்கே படுக்கச் சொன்னவர்கள் யாருமில்லை. வீடு நாலு மடங்கு பெரிதாகிவிட்டது, உடம்பு இன்னும் பழைய லயத்திலேயே இருக்கிறது.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைக் கட்டில் எதுவும் வேண்டாம், ஆசாரியிடம் சொல்லிச் செய்வோம் என்றேன். நீளம் ஆறடி, அகலம் மூன்றடி. முழங்காலை மடக்காமல் உட்கார்ந்து எழ ஒன்றரை அடி உயரம். அடியில் காற்றுப் போக நாலு கால், பலகைகளுக்கு நடுவே விரல் இடைவெளி. அதற்குக் கீழே சில்லு வைத்த தாழ்ந்த தட்டு ஒன்று; இரவில் தங்கை இழுத்துப் போட்டுக்கொள்வாள், பகலில் உள்ளே தள்ளிவிட்டால் மேல்தட்டு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு. தேயிலைக்கு நிழலாக நின்ற சவுக்கு மரத்துப் பலகை. ஆசாரி சொன்ன தொகையை, 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்த்தேன். விடையை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆறடிக்கு மூன்றடி என்று ஆசாரி பலகையில் பென்சிலால் எழுதியபோது, அப்பா, "மனுசனுக்குக் கடைசியா கெடைக்கிற அளவு" என்றார். லயத்து ஆட்களுக்கு அதுவரைக்கும் அந்த அளவு முழுசாகக் கிடைப்பதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பொங்கலன்று காலையில் கட்டில் வந்தது. மேல்தட்டு அம்மாவுக்கு என்று தம்பி சொன்னதும் அவள் எல்லோரையும் திட்டினாள். அப்பாவைப் படுக்கச் சொன்னாள், படிக்கிற பிள்ளைக்குக் கொடு என்றாள், வருஷத்துக்கு ஒருதரம் வருகிற நீ படு என்று தம்பியிடம் சண்டை பிடித்தாள். கடைசியில் நாங்கள் எல்லோரும் பாயை விரித்துப் படுத்துவிட்டோம். தரையில் அவளுக்கு இடமே வைக்கவில்லை. இருட்டில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். பிறகு பலகை மெல்ல முனகியது.

நடுராத்திரியில் விழித்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. சுவரோரமாக ஒண்டி, முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, கட்டிலின் பாதியில் அடங்கிப் படுத்திருந்தாள். மறுபாதி வெறுமனே கிடந்தது.

கட்டில் ஒரே நாளில் வந்துவிட்டது. கால் நீட்ட இன்னும் கொஞ்ச நாளாகும்.